நூறு கிலோமீட்டருக்குப் பத்துக் கிலோ கரி

மே 3, சனி

தம்பி யுவராஜ் கோயமுத்தூரிலிருந்து புதுக் காரில் வந்து இறங்கினான். புதுசு என்றால் எட்டு மாதப் புதுசு. வாங்கின நாளிலிருந்து "வர்றேங்க்கா, வர்றேங்க்கா" என்று போனிலேயே ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கு இன்றைக்குத்தான் வழி தெரிந்திருக்கிறது. மின்சாரக் கார். தெருவுக்குள் வந்ததே யாருக்கும் தெரியவில்லை, அத்தனை அமைதி. பக்கத்து வீட்டு ராசாமணி தெருவில் காயப்போட்டிருந்த மிளகாய் மேலேயே ஏற்றியிருப்பான். அவள் போட்ட கூச்சலில்தான் மிளகாய் பிழைத்தது.

"அக்கா, பின்னாடி வந்து பாரு. புகைக்குழாயே கெடையாது" என்று கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினான். குனிந்து பார்த்தேன். கிடையாதுதான்.

"துளிப் புகை இல்லக்கா. சுத்தம்."

நிமிர்ந்தேன். ராசாமணி வீட்டு மாடிக்குப் பின்னால் எங்கள் ஊர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி எப்போதும்போல நின்றுகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் சென்னியப்பன் அங்கேதான் வேகனிலிருந்து கரி இறக்குகிற இடத்தில் பத்தொன்பது வருஷமாகக் காண்டிராக்டில் இருக்கிறார். எனக்கு வாய் துறுதுறுவென்று வந்தது. வந்த அன்றைக்கே ஆரம்பிக்க வேண்டாம் என்று சோற்றைப் போட்டேன்.

படுக்கப்போகுமுன் தண்ணீர் மோட்டார் பிளக்கில் காரைச் சொருகிவிட்டான்.

மே 4, ஞாயிறு

காலையில் வாசல் தெளிக்கப் போனால், கருநீலக் கார் சாம்பல் நிறத்தில் நிற்கிறது. எங்களுக்கு இது பழக்கம். காற்று இந்தப் பக்கம் திரும்புகிற நாட்களில் மாவு சலித்த மாதிரி வந்து இறங்கிவிடும். கொடித் துணியை உதறித்தான் மடிப்போம். தைக்க வந்த வெள்ளைத் துணியை நான் கதவைச் சாத்திக்கொண்டுதான் வெட்டுவேன். கார்க்காரனுக்குத்தான் பழக்கமில்லை. எனக்கு என்ன தோன்றியதோ, காரின் முன்மூடியில் விரலால் பெரிசாக எழுதினேன்: "இது உன் புகை".

பல் துலக்கிக்கொண்டே வந்து படித்தான். அவன் முகம் போன போக்கைப் பார்க்கணுமே!

"என்னக்கா இது?"

"எழுதியிருக்குதில்ல, படி. ராத்திரி பூரா என்ற வீட்டுக் கரண்டக் குடிச்சுதே உன்ற காரு, அது எங்கிருந்து வருது? பின்னாடி குழாய் இல்லேங்கறே. இருக்குது. என்ற கொடிக்கு மேல இருக்குது. கோயமுத்தூர்ல இருந்து இங்க வரைக்கும் நூத்திமுப்பது கிலோமீட்டர் நீளக் குழாய்!"

இட்லி தட்டோடு உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரருக்கு ஒரே சிரிப்பு. அவருக்கு என் கோபமெல்லாம் கிடையாது. பெருமை!

"உங்கக்கா கெடக்குறா மாப்ள. உன்ற வண்டி என்ற கரியில ஓடுது, தெரிஞ்சுக்க. நாங்க ரெண்டு நாள் கரி எறக்கலீன்னா நீ கோயமுத்தூர்லயே நிக்கோணும்."

"கரியில ஓடுனாலும் பெட்ரோல் காரை விட இதுல புகை கம்மிதானுங்க மாமா. கணக்கு இருக்குது."

"எவன் போட்ட கணக்கு?"

"யாரோ எதுக்கு? நாமளே போட்டுப் பாக்கலாம். பந்தயமுங்களா?"

"தோத்தா?"

"மீசைய எடுத்தர்றேன்."

பத்தாம் வகுப்பில் முளைத்ததிலிருந்து சீப்பும் எண்ணெயுமாக அவன் வளர்த்த மீசை அது. வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு இருமலானது. கொல்லைப் பக்கம் எழுந்து போனவர் வெகுநேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தார். மிச்ச இட்லியைத் தொடவில்லை.

மே 5, திங்கள்

துணி துவைத்தேன். அவர் துண்டில் சிவப்பாக ஒரு பொட்டு. கேட்டால் பாக்கு என்கிறார். சரி.

வசந்தி பிளவுஸ்: கை 9, இடுப்பு 30, பின்கழுத்து இறக்கம் 7.

அவர் பாக்குப் போட்டு நான் பார்த்ததில்லை.

மே 8, வியாழன்

இன்றைக்கும் துண்டில். பாக்காவது ஒன்றாவது! நேராகக் கேட்டேன். "ரெண்டு வாரமாத்தான். சூடு" என்றார். மோர் குடித்தால் போய்விடுமாம். ஈரோட்டில் நெஞ்சு டாக்டரிடம் காட்டி ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடலாம் என்றதும் குரல் ஏறிவிட்டது.

"சோலியக் கெடுக்காத கலாமணி. ஜூன்ல காண்டிராக்ட் மாறுது. புதுசா வர்றவன் யாரு வேணும் யாரு வேண்டாம்னு பாத்துட்டிருக்கான். படத்துல ஒரு புள்ளி இருந்தாப் போதும், ரெஸ்ட் எடுங்கம்பான். போன வருஷம் மாரப்பனுக்கு அப்படித்தான் சொன்னாங்க. அவன் இன்னும் ரெஸ்டுலதான் இருக்கறான்."

"இருக்கறானில்ல? அது போதும்" என்று நானும் கத்தினேன்.

கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். எனக்குத் தையலில் கை ஓடவில்லை. ஒரே தையலை மூன்று தடவை பிரித்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த டைரி பிளவுஸ் அளவு எழுத வைத்தது, இதிலெல்லாம் இப்படி எழுதக்கூடாதுதான். எழுதியாகிவிட்டது.

மே 9, வெள்ளி

தம்பிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவனும் அழுதுவிடுவான் போலிருந்தது. பிறகு எனக்கே ஒரு யோசனை வந்தது. பந்தயத்தில் தோற்றால் அவன் மீசையை எடுப்பான். அவனுடைய மாமா தோற்றால் என்ன என்று யாருமே பேசவில்லையே?

மே 10, சனி

தம்பி போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்தேன்.

"மாமா, நீங்க தோத்தா என்ன தர்றீங்க?"

"நான் எங்க தோக்கறது?"

"ஒரு பேச்சுக்கு."

"கேளு."

"என்கூட ஈரோடு வந்து ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கோணும்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஊசியில் ஏற்கனவே நூல் இருந்தது.

"எக்ஸ்ரே என்ன, எமலோகத்துக்கே வர்றேன். தோத்தாத்தானே!"

"வாயக் கழுவுங்க மொதல்ல" என்றேன்.

அவருக்கு அத்தனை நம்பிக்கை. போனில் பேசினால் கோயமுத்தூருக்கு நேராகவே கேட்க வேண்டும் என்று கத்துகிறவர். "ஒரு யூனிட் கரண்டுக்கு எழுநூறு கிராம் கரி எரிக்கறோம். உன்ற வண்டிக்குப் பதினாலு பதினஞ்சு யூனிட்டு. அப்ப நூறு கிலோமீட்டருக்குப் பத்துக் கிலோ கரி! கேட்டுக்க மாப்ள, பத்துக் கிலோ கரி!" என்று தெரு அதிரக் கத்தினார்.

ஒரு வாரத்துக்கு முன்னால் அந்தக் காரைத் திட்டி விரலால் எழுதியவள் நான். இப்போது அது ஜெயிக்கட்டும் என்று சாமி கும்பிட வேண்டியதாகிவிட்டது. நல்ல கூத்து.

மே 12, திங்கள்

ராசாமணி முகமெல்லாம் பல்லாக வந்தாள். "ஏனுங்க்கா, பத்துக் கிலோ கறியாமே! வெள்ளாடா, செம்மறியா?"

எனக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகுதான் உறைத்தது. மச்சினனும் மாமனும் பந்தயம் கட்டியிருக்கிறார்கள், தோற்கிறவர் தெருவுக்கே பத்துக் கிலோ கறி எடுத்து ஆக்கிப் போட வேண்டும் என்று அவள் காதில் விழுந்திருக்கிறது. அவளைக் குற்றம் சொல்லி என்ன? வாயால் சொன்னால் இரண்டும் ஒன்றுதான். நானே சனிக்கிழமை எழுதினதில் 'பத்துக் கிலோ கறி' என்றுதான் எழுதியிருக்கிறேன். இப்போது அடித்துத் திருத்தினேன்.

அது அந்தக் கறி இல்லை என்று அரைமணி நேரம் விளக்கினேன். எல்லாம் கேட்டுக்கொண்டு போகும்போது, "இருந்தாலும் அரைக் கிலோ தனியா எடுத்து வையுங்க்கா, எங்க வீட்டுக்காரருக்கு எலும்பு வேணும்" என்றாள்.

மே 14, புதன்

கரி இறக்குகிற இடம் வரைக்கும் சேதி போய்விட்டதாம். எல்லோரும் அவரிடம் "எப்பய்யா கறி?" என்கிறார்களாம். இனி அவரால் பந்தயத்திலிருந்து கழன்றுகொள்ள முடியாது. ராசாமணி மகராசி, நன்றாக இருக்கட்டும்.

மே 17, சனி

பந்தய நாள். நடுவர் நான். நோட்டு என்னுடையது என்பதால்.

ஏற்பாடு இதுதான். தம்பி கார் முழுச் சார்ஜோடு கிளம்ப வேண்டும். ராசாமணி வீட்டுக்காரரின் பெட்ரோல் காரும் கிட்டத்தட்ட அதே அளவு. அது டேங்க் நிரம்பக் கிளம்ப வேண்டும். இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஈரோடு போய்த் திரும்ப வேண்டும். சரியாக நூறு கிலோமீட்டர். திரும்பியதும் பெட்ரோல் கார் மறுபடி எத்தனை லிட்டர் குடிக்கிறது, இது மறுபடி எத்தனை யூனிட் குடிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

வீட்டுக்காரர் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து போனார். ஏசியைக் கூட்டு, மிதி, இன்னும் மிதி என்று வழியெல்லாம் தொந்தரவாம். யூனிட் அதிகமாகட்டும் என்று! தம்பி சிரித்துக்கொண்டே சொன்னான். இரண்டு இடத்தில் இருமலுக்காக நிறுத்தினார்கள் என்பதைச் சிரிக்காமல் சொன்னான்.

பெட்ரோல் கார்: 6.9 லிட்டர். பங்க்கில் எங்கள் இரண்டு வீட்டு ஆட்களும் குனிந்து நின்று பார்த்தது.

இதன் பிறகுதான் வேடிக்கை. மீட்டரில் கார் மட்டும்தான் ஏற வேண்டும், அதனால் வீட்டில் வேறெதுவும் ஓடக் கூடாது என்று வீட்டுக்காரர் சட்டம் போட்டார். ஃபேன் இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை, தையல் மெஷின் இல்லை. அக்கினி நட்சத்திர வெயிலில் ஐந்து மணி நேரம்! மூன்று பேரும் வேப்பமரத்தடியில் விசிறிக்கொண்டு மீட்டர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம். பால் திரிந்துவிட்டது. கடைசியில் 14.2 யூனிட். நானே படித்தேன், இரண்டு தடவை.

மே 18, ஞாயிறு

கணக்குப் போட்டோம். தம்பி சொல்லச் சொல்ல நான் எழுதினேன், அவர் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டார்.

கம்பியில் வரும்போது வீணாவதையும் சேர்த்துப் பதினைந்து யூனிட் என்றே வைத்துக்கொண்டோம். பத்தரைக் கிலோ கரி. அவர் சொன்னது அச்சாகச் சரி, பெருமையில் அவர் மீசை துடித்தது. ஆனால் எங்கள் கரியில் மூன்றில் ஒரு பங்கு எரியாத சாம்பல். அதனால் ஒரு கிலோ எரிந்தால் வருகிற கரியமில வாயு ஒன்றரைக் கிலோவுக்குள்தான். மொத்தம் பதினைந்து கிலோ. பெட்ரோலோ, லிட்டருக்கு இரண்டே கால் கிலோவுக்கு மேல்.

"ஒரு லிட்டர் பெட்ரோல் ஒரு கிலோகூட இருக்காது. அதுலிருந்து ரெண்டே கால் கிலோ எப்படிறா வரும்?" என்று நான்தான் கேட்டேன்.

"எரியறப்ப காத்தையும் சேத்துக்கும்க்கா. ஒரு கிலோ மாவுல தண்ணி ஊத்திப் பெசஞ்சா ஒரு கிலோவாவா இருக்குது?"

அது புரிந்தது. அப்படிப் பார்த்தால் பதினாறு கிலோ. கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்க, லாரியில் கொண்டுவர என்று இன்னும் மூன்று. பத்தொன்பது. கார் நாலு கிலோவில் ஜெயித்துவிட்டது! காற்றாலைக் கரண்டும் சூரியக் கரண்டும் கம்பியில் கலந்துதானே வருகின்றன, அதைச் சேர்த்தால் இன்னும் ஜெயிக்கும் என்றான் தம்பி.

ஒன்று மட்டும் இங்கே எழுதியாக வேண்டும். அவரோடு கணக்குக்கு உட்காருமுன், சமையலறையில் டீ போடும்போதே நாலு கிலோ வித்தியாசத்தைத் தம்பி சொல்லிவிட்டான். "எல்லாத்தையும் சேத்துட்டியாடா?" என்று தம்பியைக் கேட்டேன். அவன் தலையைச் சொறிந்தான். "பேட்டரி ஒண்ணு இருக்குதுக்கா. அது செய்யறதுக்கே ரெண்டரை டன் புகை ஆயிருக்கும்பாங்க. கரியில மட்டுமே ஓடுனா, நூறு கிலோமீட்டருக்கு நாலு நாலு கிலோவா அத அடைக்க அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடோணும். என்ற வண்டி ஓடுனது எட்டாயிரத்துச் சொச்சம்."

"அப்ப இன்னிக்குத் தேதிக்கு?"

"இன்னிக்குத் தேதிக்கு மாமாதான் ஜெயிச்சாரு."

கொல்லைக் குழாயில் தண்ணீர் சத்தம் கேட்டது. அவர் கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் குரலைத் தாழ்த்தி, "பேட்டரியப் பத்தி வாயத் தொறக்காத" என்றேன்.

திறக்கவில்லை. நானும் எழுதவில்லை. அவர் என் நோட்டையே பார்த்தார். என்னமோ கேட்க வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, தோத்துட்டேன். என்னிக்குப் போலாம்?" என்றார். இவ்வளவு சீக்கிரம் எதையும் ஒத்துக்கொள்கிற மனிதரில்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது, அதனால் யோசிக்கவில்லை.

மே 20, செவ்வாய்

பள்ளிக்கூடச் சட்டைகள் வந்துவிட்டன, இருபத்திரண்டு. எல்லாம் வெள்ளை. கதவைச் சாத்திக்கொண்டு வெட்டினேன்.

மனசு சரியில்லை. எட்டு மாதமாக "புகையில்லாத கார்" என்று தம்பி சொல்லும்போதெல்லாம் எனக்கு ஏன் எரிந்தது? என் கொடியில் விழுகிறதை அவன் கணக்கில் சேர்க்கவில்லை என்றுதானே? இப்போது நான் என்ன செய்தேன்? அந்தப் பேட்டரிக்கு எந்த ஊரிலோ மண்ணைத் தோண்டியிருப்பார்கள், எங்கேயோ கரி எரித்திருப்பார்கள். அங்கேயும் எவளோ ஒருத்தி துணி காயப்போட்டிருப்பாள். அவள் கொடியை நான் கணக்கில் சேர்க்கவில்லை. கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் விட்டுவிட்டேன், அதுவும் தெரிந்தே.

சொல்லிவிட்டால் எக்ஸ்ரேக்கு வர மாட்டார். சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது போலிருக்கிறது. எக்ஸ்ரே எடுத்தபிறகு சொல்கிறேன். அதுதான் முடிவு.

மே 24, சனி

முடிவாவது மண்ணாவது. போகிற வழியிலேயே சொல்லிவிட்டேன்.

காலை ஏழு மணிக்குத் தம்பி காரில் கிளம்பினோம். அவர் முன்னால், நான் பின்னால். வெளுத்த வேட்டி சட்டை, நெற்றியில் திருநீறு. கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி இருந்தார். அந்தக் கார் சத்தமில்லாமல் போகிறது அல்லவா, அதுதான் வினை. அவர் மூச்சு கரகரவென்று எனக்குக் கேட்டுக்கொண்டே வந்தது. பெட்ரோல் கார் என்றால் அந்தச் சத்தத்தில் மறைந்திருக்கும். பதினைந்து கிலோமீட்டர் தாண்டியதும் தாங்க முடியவில்லை.

"ஏனுங்க, நீங்க தோக்கலீங்க. கணக்குல பேட்டரிய நான் சேக்கல. சேத்திருந்தா நீங்கதான் ஜெயிச்சீங்க. தப்பு என்னோடது. வண்டியத் திருப்பச் சொன்னாலும் சொல்லுங்க."

தம்பி வேகத்தைக் குறைத்தான். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"பேட்டரி. பந்தயம் கட்டுன மறுநாளே நம்ம கண்ட்ரோல் ரூம் இஞ்சினியரக் கேட்டுட்டேன். அவரு எல்லாம் சொன்னாரு. அறுபதாயிரம் கிலோமீட்டர் உள்பட. கொல்லையில கால் கழுவறப்ப நீங்க குசுகுசுன்னதும் காதுல உழுந்துச்சு."

"அப்புறம் ஏங்க தோத்துட்டேன்னீங்க?"

"கேக்கலாம்னுதான் வாயெடுத்தேன். உன்ற மூஞ்சியப் பாத்தேன், மூடிக்கிட்டேன். எனக்கு மட்டும் பயம் இல்லைன்னா நெனச்சே? ஒரு மாசமா வேகன் மேல நிக்கறப்பல்லாம் மாரப்பன் நெனப்புத்தான். பயந்தவன் தானா ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது புள்ள. தோத்துட்டேன், வேற வழியில்லைன்னா போயரலாம். கரிக் களத்துல எல்லாருகிட்டயும் அப்படித்தான் சொல்லிட்டு வந்திருக்கறேன், மச்சினங்கிட்டப் பந்தயத்துல தோத்துட்டேன்னு."

நான் பின்சீட்டில் ஓவென்று அழுதேன். வெட்கமே இல்லாமல். தம்பி வண்டியை ஓரங்கட்டினான். அவனும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"ஏண்டா நிறுத்துன? ஓட்டு. நிக்கற ஒவ்வொரு நிமிசமும் பேட்டரிக்கு நட்டம்" என்றார் அவர்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். ஸ்கேன் ஒன்று. மூன்று நாள் காலைச் சளியைச் சோதிக்கக் கொடுக்கச் சொன்னார்கள். டாக்டர் சின்னப் பெண், என் மகள் வயசுகூட இருக்காது என்று சொல்லலாம், எனக்கு மகள் இருந்தால். எத்தனை வருஷமாகக் கரித்தூள், முகமூடி போடுவாரா, பீடி உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. புதன்கிழமை வரச் சொன்னது.

மே 25, ஞாயிறு

சட்டை 6 முடிந்தது.

மே 26, திங்கள்

சட்டை 5. ஒன்றில் பொத்தான் துளையைத் தப்பான பக்கம் போட்டுவிட்டேன்.

மே 27, செவ்வாய்

ஒன்றும் ஓடவில்லை. அவர் வேலைக்குப் போய் வந்தார். இரண்டு பேரும் காரைப் பற்றியே பேசினோம். வேறெதைப் பற்றிப் பேசுவது?

ஒன்று சொன்னார். "லட்சம் வண்டிக்கு லட்சம் புகைக்குழாய். ஒவ்வொண்ணுக்கும் வடிகட்டி போட்டு எவன் பாத்துட்டிருப்பான்? நம்முளுது ஒரே குழாய். மனசு வெச்சா அதச் சுத்தம் பண்ணிரலாம்."

"வெக்கச் சொல்லுங்க" என்றேன்.

"காரு பெருகுனா வெச்சுத்தான் ஆகோணும். இதுவரைக்கும் நீ மட்டுந்தான் கத்துனே. இனி கோயமுத்தூர்க்காரனும் கத்துவான்."

மே 28, புதன்

ஒன்றுமில்லை! ஒன்றுமில்லை! ஒன்றுமில்லை!

ஒன்றுமே இல்லை என்று சொல்லக்கூடாது, சரியாக எழுதுகிறேன். கட்டி இல்லை. டிபி இல்லை. மாரப்பனுக்கு வந்த தூசி நோயும் இல்லை. வருஷக்கணக்கில் தூளை இழுத்து இழுத்து மூச்சுக்குழாய் புண்ணாகியிருக்கிறது. ரத்தம் அதிலிருந்துதான். மருந்து, இழுக்கிற பம்பு, பீடிக்கு இன்றோடு முழுக்கு. தூள் பறக்கிற இடத்தில் நிற்கவே கூடாது என்று கடிதம் எழுதிக் கொடுத்தது அந்த டாக்டர்ப் பெண். "நல்ல நேரத்துல வந்தீங்க, இன்னும் ரெண்டு மூணு வருஷம் விட்டிருந்தா நான் இப்படிச் சிரிச்சுப் பேசியிருக்க மாட்டேன்" என்றது.

வெளியே வந்ததும் அவர் ஆஸ்பத்திரி வாசலில் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "காபி வேணும்" என்றார். இரண்டு காபி குடித்தார். திரும்பி வரும்போது காரில் அடித்துப்போட்டது மாதிரி தூங்கியிருக்கிறேன். சத்தமில்லாத கார்தான் தூங்குவதற்கு நல்லது, அந்த மட்டில் தம்பி சொன்னது சரி.

மே 30, வெள்ளி

கடிதத்தைக் கொண்டுபோய்ச் சூப்பர்வைசரிடம் நேராகக் கொடுத்தார். வாசல்வரைக்கும் நானும் போனேன், சண்டை போட வேண்டியிருந்தால் போடலாம் என்று. வேண்டியிருக்கவில்லை. வேகன் எண் எழுதுகிற அறையில் ஒரு ஆள் ஓய்வு பெறுகிறாராம், புதுக் காண்டிராக்டிலும் அந்த இடம் இவருக்கு என்று பெயர் எழுதிக்கொண்டார்கள். கண்ணாடி சன்னல் போட்ட அறை. இதற்கா இத்தனை நாள் நடுங்கினோம்!

சட்டைகள் 22-ம் முடிந்தன.

ஜூன் 1, ஞாயிறு

ராசாமணி சொன்னது கடைசியில் பலித்துவிட்டது. பத்துக் கிலோ இல்லை, நாலு கிலோ. வெள்ளாட்டுக் கறி. அவள் வீட்டுக்காரருக்கு எலும்பு தனியாக. தெருவில் பாதிப் பேர் சாப்பிட்டார்கள், கரிக் களத்து ஆட்கள், ரெஸ்டில் இருக்கிற மாரப்பனையும் சேர்த்து எட்டுப் பேர் வந்தார்கள். மாரப்பனுக்கு நான் இரண்டாவது கரண்டி போட்டபோது அவர் என் வீட்டுக்காரர் தோளில் கை வைத்து, "நீயாவது நேரத்துல தோத்தியே" என்றார்.

தம்பி நேற்று சாயங்காலமே வந்துவிட்டான். கதவைத் திறந்தால் யாரோ பையன் நிற்கிறான். எனக்கு அடையாளமே தெரியவில்லை. மீசை இல்லை!

"என்னடா இது கோலம்?"

"கணக்குன்னா கணக்குக்கா. பேட்டரியச் சேத்தா நான்தானே தோத்தேன்."

பரீட்சையில் கோட்டைவிட்டு வீட்டுக்கு வந்த அந்தப் பழைய முகம் அப்படியே வந்துவிட்டது. வீட்டுக்காரர் அவன் மேலுதட்டைத் தடவித் தடவிப் பார்த்து மாய்ந்துபோனார். சிரித்தார், சிரித்தார். இருமல் வருமோ என்று நான் செம்பில் தண்ணீரோடு நின்றேன். கொஞ்சம் வந்தது, நின்றுவிட்டது. தண்ணீரை நானே குடித்தேன்.

இன்று மதியம் சாப்பாடு முடிந்து தம்பி கிளம்பினான். ராத்திரி காற்று இந்தப் பக்கம்தான், கார் மேலே வழக்கம்போலச் சாம்பல். யாரும் துடைக்கவில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தால், நான் அன்றைக்கு எழுதின அதே இடத்தில் யாரோ விரலால் எழுதியிருந்தார்கள். கோணல் மாணலான கையெழுத்து, வேகன் எண் எழுதப் பழகுகிற கையெழுத்து:

"இன்னும் 51,000 கி.மீ."

தம்பி துணியை எடுத்துக்கொண்டு துடைக்கப் போனான். நான் அவன் கையைப் பிடித்தேன்.

"அப்படியே போடா. ஓட்டி முடி. அதுக்கு முன்னால புது வண்டி மாத்துனேன்னு கேள்விப்பட்டேன், காலை ஒடிச்சுருவேன்."

"அறுபதாயிரம் முடிஞ்சதும் வர்றேன், மீசையோட" என்றான். பிறகு அவரைப் பார்த்து, "நீங்களும் இருக்கோணும் மாமா, பாக்கறதுக்கு" என்றான்.

"இருக்கறேன், இருக்கறேன். நீ மொதல்ல கெளம்பு" என்றார் அவர்.

கார் சத்தமில்லாமல் தெருமுனை திரும்பியது. ராசாமணி மிளகாயை முன்கூட்டியே எடுத்துவிட்டாள். நான் கொடியிலிருந்து துணிகளை எடுத்து உதறி மடித்தேன். அவர் துண்டையும் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். வெறும் சாம்பல்தான். உதறினேன், போய்விட்டது.